சாவி எங்கே இருக்கிறது?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் எங்கள் ஊர். கணவர் வெளியூரில் வேலை பார்க்கிறார். கஜா புயலில் பட்டது போதும், இந்த மழைக்கு முன் இன்வெர்ட்டர் வாங்குவதா, ஜெனரேட்டர் வாங்குவதா என்று தினமும் வாக்குவாதம். நானும் இரண்டு பிள்ளைகளும் தளம் போட்ட வீட்டில் படுக்கிறோம். மாமியாருக்கு மறதி; ராத்திரி எழுந்து நடப்பதால் கொல்லைப்பக்கம் ஷீட் அறையில் படுக்கவைத்து வெளியே பூட்டிக்கொள்கிறோம். கரண்ட் போனால் அங்கே ஒரு மெழுகுவத்தி ஏற்றி வைப்பேன். எதை வாங்கலாம்?

பதில்: வாங்குவது இருக்கட்டும். போகிற போக்கில் எழுதினீர்களே, 'வெளியே பூட்டிக்கொள்கிறோம்' என்று. அந்தச் சாவி ராத்திரி எங்கே இருக்கிறது? காற்று ஊளையிடும் நேரத்தில், இருட்டில் அதைத் தேடி எடுத்து, கொல்லைக்கு ஓடி, நனைந்த கையால் பூட்டைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு நாளாவது பார்த்தீர்களா?

மறதிக்கார மனுஷி, பூட்டிய அறை, எரிகிற மெழுகுவத்தி. இதை வைத்துவிட்டு வந்து எப்படித் தூங்குகிறீர்கள்? கொசுவலையின் ஓரம் பட்டால் போதும். நைலான் உருகிச் சொட்டும், சொட்டுகிற இடத்தில் பாயும் போர்வையும் பற்றிக்கொள்ளும். கதவைத் தட்ட அவருக்குத் தோன்றுமா என்பதே சந்தேகம். தட்டினாலும் புயல் சத்தத்தில் உங்களுக்குக் கேட்காது.

2018 நவம்பர் 16 அன்று கஜா கரையேறியது நள்ளிரவு தாண்டித்தான், ஊரே படுத்திருக்கிற நேரம். அந்த ஷீட்டைப் பிடித்திருப்பது கொக்கி போல வளைந்த சில ஜே-போல்ட்டுகள். ஓரம் தூக்கிவிட்டால் காற்று உள்ளே புகுந்து கூரையையே பிய்த்துக்கொண்டு போகும். தளத்துக்குக் கீழே நீங்கள், ஷீட்டுக்குக் கீழே அந்த அம்மா. உங்கள் கணவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: பெற்றவளை அங்கே விட்டுவிட்டு இன்வெர்ட்டருக்குப் பணம் அனுப்புவது பிள்ளை செய்கிற கடமை ஆகாது.

இன்றைக்கே மாமியாரின் கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். ஜன்னல் ஓரம் வேண்டாம். என் மாமியாரும் கடைசி நாலு வருஷம் ராத்திரியில் நடந்தவர்தான். கதவில் ஒரு மாட்டுச் சலங்கை கட்டினோம். கதவு அசைந்தால் வீடே எழுந்துவிடும். வாசலுக்குப் பூட்டு போட்டே ஆகவேண்டும் என்றால் உள்பக்கம் போடுங்கள். சாவி பக்கத்திலேயே ஆணியில் தொங்கட்டும், பெரிய பிள்ளைக்கும் தெரியட்டும். மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம், இரண்டு சார்ஜ் லைட் போதும்.

புயல் கரை நெருங்கும்போது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் அந்த இடத்தைவிட்டு விலகி, கேஸ் கசிவு உதவி எண் 1906-க்குப் பேசுங்கள்.

காற்று சட்டென்று அடங்கினால் புயலின் கண் உங்கள் மேல் நிற்கலாம்; கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். வேதாரண்யத்துக்காரருக்கு இது தெரிந்ததுதான். ஆனால் மாமியார் எழுந்து வெளியே கிளம்புவது அந்த அமைதியில்தான். அப்போது ஒருவர் அவர் பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஜெனரேட்டர் வேண்டாம். மழைக்கு பயந்து அதைத் திண்ணையிலோ வீட்டுக்குள்ளோ வைத்து ஓட்டுவீர்கள். அந்தப் புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். இன்வெர்ட்டர் வாங்குங்கள். கட்டிலை நகர்த்திய பிறகு.