புகை போனது, ஏற்றம் போகவில்லை

போன இதழில், கண்டிக்குப் பக்கத்துக் கடுகண்ணாவையில் நிற்கும் பழைய நீராவி எஞ்சின்களைப் பற்றி நாலு வரிதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களை வைக்க மேசை போதவில்லை. அதனால் இந்த முறை சமையல், சோதிடம், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் ஓரமாக இருக்கட்டும், முழுப் பக்கமும் கோச்சிக்கே, அதாவது ரயிலுக்கே.

கேள்வி: பிள்ளைகள் இரண்டு பேரும் படத்தில் பார்த்துவிட்டு, புகை விடுகிற கோச்சியில் ஏறியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். மலைநாட்டில் எங்கே டிக்கட் எடுக்கலாம்? (ஹட்டன் வாசகர்)

பதில்: கவுண்டரில் காசு கொடுத்து ஏறுகிற மாதிரி நீராவிக் கோச்சி இன்றைக்கு மலைநாட்டில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளை ஸ்டேசன் வரைக்கும் கூட்டிப்போய் ஏமாற்றாதீர்கள். 1986-ல் தொடங்கிய 'வைஸ்ரோய் ஸ்பெஷல்' என்று ஒன்று உண்டு, பழைய எஞ்சினைத் தட்டிக்கொட்டி ஓட வைத்து, பழைய பெட்டிகளை மெருகேற்றிப் பூட்டியது. ஆனால் அது முழுக் கோச்சியையும் வாடகைக்குப் பேசுகிற கூட்டத்துக்கு, பெரும்பாலும் வெளிநாட்டு ஆட்களுக்கு. நாலு டிக்கட் எடுக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு அது தூரத்துப் பச்சைதான்.

நான் சொல்வது இரண்டு நாள் வேலை. ஒரு நாள் கடுகண்ணாவைக்குப் போங்கள். 2014 டிசம்பரில் திறந்த தேசிய புகையிரத அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. நான் போனபோது என் மருமகனின் மகன், ஐந்து வயது, எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தாத்தா, இதுக்கு சாவி எங்க?" என்று கேட்டான். சாவி கிடையாது. விடியக் கோச்சி புறப்பட வேண்டுமென்றால் ராத்திரியே ஒருவர் வந்து நெருப்பு மூட்டி, தண்ணீர் கொதித்து ஆவி கட்டும் வரைக்கும் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அவன் நம்பவே இல்லை. உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிப் பாருங்கள், எஞ்சினைப் பார்க்கிற பார்வையே மாறும்.

இன்னொரு நாள் ஹட்டனில் சாதாரணக் கோச்சியில், மூன்றாம் வகுப்பிலேயே ஏறி மேலே போங்கள். இழுப்பது டீசல்தான், ஆனால் ஓடுகிற பாதை முழுக்க நீராவிக்காக அளந்து வெட்டியது. கோப்பி மூட்டைகளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போட்ட தண்டவாளம் 1867-ல் கண்டிக்கு வந்தது. அதே வருசம்தான் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்கிற வெள்ளைக்காரர் தேயிலை போட்டார். பிறகு கோப்பி நோய் வந்து செத்தது, தேயிலை நிலைத்தது, தண்டவாளம் தேயிலைக்குப் பின்னால் ஏறியது. 1874-ல் நாவலப்பிட்டி, 1885-ல் நானுஓயா, 1894-ல் பண்டாரவளை, பதுளைக்குப் போய்ச் சேர 1924. கண்டியிலிருந்து பதுளைக்கு 57 வருசம்! இப்போது கோச்சி பிந்துகிறது என்று கோபப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

ஒன்று, 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் இந்தப் பாதையைப் பல இடங்களில் சிதைத்தது. தண்டவாளத்துக்குக் கீழே இருந்த மண்ணே போய், கம்பி மட்டும் அந்தரத்தில் தொங்கின இடமும் உண்டு. அதனால் எதுவரை ஓடுகிறது என்று ஸ்டேசனில் கேட்டுவிட்டுச் சோற்றுப் பொதி கட்டுங்கள்.

கேள்வி: என் தாத்தா எஞ்சினுக்குக் கரி போட்டவர். "ரெண்டு எஞ்சின் பூட்டித்தான் ஏறும், மண் போட்டாத்தான் சக்கரம் பிடிக்கும்" என்று சொல்வார். கரி சரி, மண் எதற்கு? (நாவலப்பிட்டி வாசகி)

பதில்: தாத்தா சொன்னது அச்சொட்டான உண்மை. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம், அதன்மேல் நம்ம ஊர் மூடுபனி. ஏற்றமோ மோசமான இடங்களில் 44 அடி போனால் ஒரு அடி உயரும். காகிதத்தில் இது ஒன்றும் பெரிதாகத் தெரியாது, கோச்சிக்கு இது செங்குத்து. ஈரத்தில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், வண்டி நகராது. அப்போது சக்கரத்துக்கு முன்னால் இறங்குகிற ஒரு குழாய் வழியாகக் காய்ந்த மணலைத் தண்டவாளத்தில் தூவுவார்கள். மணல் நசுங்கிப் பிடி கிடைக்கும். காய்ந்த மணல் என்பது முக்கியம், ஈர மணல் குழாயை அடைத்துவிடும், அதனால் மணலை வறுத்துக் காயவைக்கவே ஆள் இருந்தது. டீசல் எஞ்சினிலும் மணல் பெட்டி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டு எஞ்சின் கதையும் சரிதான். ரம்புக்கனையில் இருந்து கடுகண்ணாவை ஏற்றத்துக்கு முன்னால் ஒன்று இழுக்கும், பின்னால் ஒன்று தள்ளும். பிறகு 1920களில் காரட் (Garratt) என்று ஒரு ராட்சத எஞ்சின் வந்தது, நடுவில் கொதிகலன், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சக்கரக் கூட்டம், இரண்டு எஞ்சினை ஒட்டிவைத்த மாதிரி. அவ்வளவு நீளமான வண்டி நம்முடைய கோணல்மாணல் வளைவுகளில் எப்படித் திரும்பும் என்றால், கொதிகலனுக்கு முன்னும் பின்னும் மடங்கும், அதுதான் அதன் சூட்சுமம். 1953-ல் பெரிய கோச்சிகளை இழுக்கிற டீசல் எஞ்சின் வரத் தொடங்கியது. அடுத்து கனடாவிலிருந்து வந்த எஞ்சின்களுக்கு ஒன்டாரியோ, அல்பர்ட்டா என்று அந்த நாட்டு மாகாணப் பெயர்களையே வைத்தார்கள். இன்றைக்கு நம் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் ஒன்டாரியோவில் இருக்கிறார்கள், எஞ்சின் முந்திக்கொண்டது.

கேள்வி: சிங்கமலைச் சுரங்கம் வந்தால் அந்தக் காலத்தில் ஜன்னலை எல்லாம் மூடுவார்களாமே, ஏன்? (கொட்டகலை மாணவி)

பதில்: மூடாவிட்டால் மறுபக்கம் வரும்போது ஆளை ஆள் தெரியாது, அதனால்தான். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் இருக்கும் இந்தச் சுரங்கம் அரைக் கிலோமீட்டரை விடக் கொஞ்சம் நீளம், இந்தப் பாதையிலேயே பெரியது.

நீராவி எஞ்சினில் வேலை முடிந்த ஆவியைச் சும்மா வெளியே விடுவதில்லை, புகைக்கூண்டு வழியாக வேகமாகத் துப்புவார்கள். அது போகிற போக்கில் நெருப்புக்குள் இருந்து காற்றை இழுத்துக்கொண்டு போகும், அந்த இழுப்பில் நெருப்பு இன்னும் கொழுந்துவிடும். ஆக, எஞ்சின் எவ்வளவு கஷ்டப்படுகிறதோ அவ்வளவு நெருப்பு, அவ்வளவு புகை. குப்பு குப்பு என்கிற சத்தம் அந்தத் துப்பல்தான், இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற நாலு குப்பு. வெளியில் என்றால் புகை மலைக்கு மேலே போய்விடும், சுரங்கத்துக்குள் எங்கே போகும்? பெட்டிக்குள்தான். என் பெரியம்மா கதை கதையாகச் சொல்வார், கல்யாண வீட்டுக்குப் போகிற பெண்கள் முந்தானையால் தலையிலிருந்து முழங்கால் வரைக்கும் மூடிக்கொண்டு மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருப்பார்களாம், வெளிச்சம் வந்ததும் முதல் வேலை ஒருத்தி மூக்கை இன்னொருத்தி துடைத்துவிடுவது. இப்போது புகை இல்லை. இருட்டு வந்ததும் பெட்டி முழுக்க "ஹூ" என்று கத்துகிறீர்களே, அது மட்டும் இருக்கிறது.

கேள்வி: இவ்வளவு பெரிய நுவரெலியாவுக்குக் கோச்சி ஏன் இல்லை? நானுஓயாவில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டியிருக்கிறதே. (நுவரெலியா வாசகர்)

பதில்: இருந்தது ஐயா. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரைக்கும் இரண்டரை அடி அகலத்தில் குட்டிப் பாதை ஒன்று 1900களின் தொடக்கத்தில் போட்டார்கள். பெரிய பாதையின் அகலம் ஐந்தரை அடி, அதில் பாதிக்கும் குறைவு. லொறியும் பஸ்ஸும் வந்ததும் சுமை குறைந்தது, 1948-ல் மிச்சமிருந்ததையும் மூடித் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். அது மட்டும் இன்றைக்கு ஓடினால் உல்லாசப் பயணிகள் தேடி ஏறுகிற கோச்சி அதுவாகத்தான் இருந்திருக்கும். என்ன செய்வது, பஸ்ஸில் ஏறுங்கள்.

கேள்வி: தெமோதரையில் கோச்சி ஸ்டேசனுக்குக் கீழேயே போகிறது. கங்காணியின் தலைப்பாகையைப் பார்த்துத்தான் அப்படிக் கட்டினார்கள் என்கிறார்களே? (பதுளை வாசகர்)

பதில்: தலைப்பாவை அவிழ்த்துச் சுற்றின கங்காணியைப் பார்த்து எஞ்சினியருக்குப் புத்தி வந்தது என்பது கதை. எழுத்தில் உள்ள ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை, ஆனாலும் எனக்குப் பிடித்த கதை. பாதை போட்டவர்களின் பெயர்ப்பட்டியலில் நம் ஆட்கள் பெயர் இல்லாதபோது கதையிலாவது ஒரு தலைப்பா இருந்துவிட்டுப் போகட்டுமே. காரணம் என்னவோ எளிது. அந்த இடத்தில் மலை திடீரென்று இறங்குகிறது, நேராக விட்டால் கோச்சி தாங்காது, அதனால் மலையை ஒரு வட்டம் சுற்றவைத்து, உயரத்தைக் குறைத்து, ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கம் வெட்டி வெளியே விட்டார்கள். பதுளைக்குப் போகிற கோச்சியை வழியனுப்பிவிட்டு மேடையிலேயே நில்லுங்கள். சற்று நேரத்தில் போன கோச்சி உங்கள் காலடியில் ஓடும்.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் இருக்கிற ஒன்பது வளைவுப் பாலம் 1921-ல் முடிந்தது, கல்லும் செங்கல்லும் சிமெந்தும் மட்டுந்தான், இரும்பு இல்லை. முதலாம் உலக யுத்தம் இரும்பைத் தின்றுவிட்டது என்று அதற்கும் ஒரு கதை உண்டு.

கேள்வி: எந்தப் பக்க ஜன்னல் நல்லது? (கம்பளை வாசகி)

பதில்: பாதை பாம்பு மாதிரி வளைவதால் பள்ளத்தாக்கு இந்தப் பக்கமும் வரும், அந்தப் பக்கமும் வரும். இதல்கஸ்ஹின்னவில் ஸ்டேசனே மலை முதுகில் இருப்பதால் இரண்டு பக்கமும் பள்ளம், அங்கே யாருக்கும் சண்டை வராது. எஞ்சினைப் பார்க்க வேண்டுமா, கடைசிப் பெட்டியில் ஏறுங்கள், வளைவில் உங்கள் கோச்சியின் தலை உங்களுக்கே தெரியும். அப்புறம் சின்ன ஸ்டேசன்களில் ஸ்டேசன் மாஸ்டர் கையில் பெரிய வளையம் ஒன்றோடு நிற்பதைக் கவனியுங்கள். அதில் ஒரு பை, பைக்குள் ஒரு உலோக வில்லை. அதுதான் டப்லட், அடுத்த ஸ்டேசன் வரைக்கும் அந்த ஒற்றைப் பாதை உன்னுடையது என்பதற்கு அடையாளம். எஞ்சினில் இருப்பவர் ஓட்டத்திலேயே அந்த வளையத்துக்குள் கையை நுழைத்து வாங்கிக்கொண்டு, பழையதை எறிந்துவிட்டுப் போவார். நீராவிக் காலத்து நாடகம், இன்னும் இலவசமாக நடக்கிறது.

கேள்வி: வாசல்படியில் தொங்கிக்கொண்டு ஒரு படம் எடுத்தேன், அருமையாக வந்தது. அக்கா பத்து நாளாகத் திட்டுகிறாள். இதில் என்ன தப்பு? (பண்டாரவளை இளைஞர்)

பதில்: அக்கா இன்னும் பத்து நாள் திட்டட்டும். சுரங்கச் சுவர் பெட்டியிலிருந்து எவ்வளவு தூரம் என்று என்றைக்காவது கையை நீட்டாமல், கண்ணால் அளந்து பார்த்திருக்கிறீர்களா? விழுந்து உயிர்போனவர்கள் இருக்கிறார்கள் தம்பி. நானும் யோக்கியன் இல்லை. பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் நடுவில் 6,226 அடி என்று இந்தப் பாதையின் உச்சியைக் காட்டும் பலகை வரும், அதைப் பார்க்கத் தலையை வெளியே நீட்டி, ஒரு பற்றை ஓங்கி அறைந்ததில் என் மூக்குக்கண்ணாடி அங்கேயே போய்விட்டது. மிச்சப் பயணம் முழுக்க எனக்குப் பச்சையாக ஏதோ ஓடினதுதான் தெரியும்.

கேள்வி: எங்கள் அப்பா, அம்மா தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தலைமன்னார் வழியாக இந்தியா வந்தவர்கள். நான் குன்னூரில் பிறந்தவள். இங்கே மலை ரயில் இன்றைக்கும் நீராவியில் ஓடுகிறது. ஆனால் அம்மா, "எங்க கோச்சி மாதிரி வராது" என்கிறார். எது பெரியது? வருகிற தை மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர நினைக்கிறேன். (நீலகிரி வாசகி)

பதில்: ஏற்றத்தில் உங்களுடையதுதான் பெரியது, இதில் ஊர்ப்பற்று பேசிப் பயனில்லை. கல்லாரிலிருந்து குன்னூர் வரைக்கும் 12 அடிக்கு ஒரு அடி ஏற்றம் என்றால் வெறும் சக்கரம் ஏறாது, மணல் தூவினாலும் ஏறாது. அதனால் தண்டவாளங்களுக்கு நடுவில் பல்சட்டம் பதித்து, எஞ்சினில் பல்சக்கரம் வைத்து, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறார்கள். 46 கிலோமீட்டர், 208 வளைவு, 2005-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. எங்களுடையது பல் இல்லாமல், அகலப் பாதையிலேயே 6,000 அடிக்கு மேல் ஏறுவது. இரண்டும் வேறு வேறு வித்தை.

அம்மா சொல்வது வித்தையைப் பற்றி இல்லை என்று உங்களுக்கே தெரியும். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பப் போட்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தோட்டம் தோட்டமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன கோச்சிக்கு இங்கே பெயரே ஒப்பாரிக் கோச்சி. மேடையில் நின்றவர்களும் அழுதார்கள், உள்ளே இருந்தவர்களும் அழுதார்கள். அம்மா கடைசியாக ஏறினது அதில்தான் இருக்கும்.

கூட்டி வாருங்கள். பாதை திறந்திருந்தால் ஹட்டனிலிருந்தே கோச்சியில் கொண்டு வாருங்கள், வேனில் வேண்டாம். வடைக்காரர் வந்தால் அம்மாவையே பேரம் பேச விடுங்கள். கொட்டகலை தாண்டியதும் சென். கிளேயர் நீர்வீழ்ச்சி தெரியும், அம்மா அதைத் தேடுவார். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், 2012-ல் மேல் கொத்மலை மின்திட்டம் வந்த பிறகு அதில் விழுகிற தண்ணீர் குறைந்துவிட்டது. அவர் நினைவில் வைத்திருக்கிற அகலத்துக்கு அது இப்போது இல்லை.