சொஸ்மா அரசியலமைப்புக்கு முரணானதா? பயங்கரவாதத்தை ஒடுக்கச் சாதாரணச் சட்டங்கள் போதாவா?

சொஸ்மா எனப்படும் 2012ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம் பற்றிக் கேட்கப்பட்ட கேள்வி இது: “குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜாமீனே கிடையாது என்று சொல்லும் சொஸ்மா, மலேசிய அரசியலமைப்புக்கு முரணானது இல்லையா? பயங்கரவாதத்தை ஒடுக்க ஏற்கெனவே இருக்கும் சட்டங்கள் போதாவா?”

கோலாலம்பூரில் குற்ற வழக்குகளை நடத்தும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். கோப்புகளைத் தயாரிப்பதும், ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் கைதிகளின் குடும்பத்தாரோடு காத்திருப்பதும் என் அன்றாட வேலை. அங்கே பார்த்தவற்றையும், பார்த்ததைப் புரிந்துகொள்வதற்காகப் படித்தவற்றையும் வைத்தே இந்தப் பதிலை எழுதுகிறேன். இத்தகைய சட்டத்தை இயற்ற நம் அரசியலமைப்பே வழிவிடுகிறது. ஆனால் அது விட்டிருக்கும் வழி, அரசாங்கங்கள் எடுத்துக்கொண்ட அளவுக்கு அகலமானது அன்று என்பதே என் உறுதியான எண்ணம்.

கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி, கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தைக் கூடிய விரைவில் தெரிவிக்க வேண்டும், அவர் விரும்பும் வழக்கறிஞரைச் சந்திக்க அனுமதிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. இதே அரசியலமைப்பின் 149ஆவது விதியோ, கணிசமான எண்ணிக்கையிலான ஆட்கள் திட்டமிட்ட வன்முறையில் இறங்கினாலோ, நாட்டின் பாதுகாப்புக்கும் பொது ஒழுங்குக்கும் ஊறு விளைவிக்க முனைந்தாலோ, அதைத் தடுப்பதற்காக நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் 5, 9, 10, 13 ஆகிய விதிகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. இந்த நான்கு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தனிமனித விடுதலை, நடமாட்டம், பேச்சும் கூட்டமும், சொத்து ஆகிய நான்கு உரிமைகளை மட்டுமே அது பெயர் குறிப்பிட்டு விலக்குகிறது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் 8ஆவது விதியோ, நீதிமன்றங்களின் அதிகாரத்தைப் பேசும் 121ஆவது விதியோ அந்தப் பட்டியலில் இல்லை. சொஸ்மாவைப் பற்றிய சட்டப் போராட்டத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது.

1960இல் அவசரகாலம் முடிந்தபோது, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியின் எச்சத்தை முன்னிட்டு, இந்த 149ஆவது விதியின் பலத்தில்தான் இசா எனப்படும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மலாயா கம்யூனிஸ்டுக் கட்சி 1989 டிசம்பரில் ஹாட்யாயில் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஆயுதத்தைக் கைவிட்டது. இசா அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஒப்பந்தத்துக்கு முன்பே, 1987 அக்டோபரில், ஓப்பராசி லாலாங் நடவடிக்கையில் 106 பேர் அதன் கீழ் உள்ளே போனார்கள். அவர்களில் எதிர்க்கட்சி அரசியல்வாதிகளான கர்ப்பால் சிங்கும் பி. பட்டுவும் இருந்தார்கள். 2007 நவம்பர் 25 பேரணிக்குப் பிறகு, மலேசிய இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃபின் தலைவர்கள் ஐவர் கமுந்திங் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார்கள். அவர்களுள் ஒருவரான எம். மனோகரன் முகாமில் இருந்தபடியே 2008 தேர்தலில் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். இவர்களில் எவர்மீதும் பயங்கரவாதக் குற்றம் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டதில்லை. ஆயுதம் ஏந்தியவர்களுக்காக எழுதப்பட்ட சட்டம் அரசியல்வாதிகளையும் வழக்கறிஞர்களையும் சென்றடைய அதன் வாசகத்தை யாரும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

2012 ஜூலை 31 அன்று இசா நீங்கி சொஸ்மா நடைமுறைக்கு வந்தது. இதில் ஒரு முன்னேற்றம் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன்: அமைச்சரின் ஆணையை வைத்து ஒருவரை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்கும் அதிகாரம் இதில் கிடையாது, வழக்குத் தொடுத்தே ஆக வேண்டும். அரசியல் நம்பிக்கைக்காக மட்டும் எவரையும் கைது செய்யக் கூடாது என்ற வாசகமும் சேர்க்கப்பட்டது. (விசாரணையின்றி ஈராண்டுத் தடுப்புக் காவலும் அதைப் புதுப்பிக்கும் வழியும் 2015இல் மலேசியாவின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா வழியாகத் திரும்பி வந்தன, நள்ளிரவு தாண்டியும் நீண்ட மக்களவை விவாதத்தின் முடிவில் 79க்கு 60 என்ற வாக்கில் அது நிறைவேறியது.) ஆனால் சொஸ்மாவின் 4ஆவது பிரிவின்படி, கைதான முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகு, சுப்ரிண்டெண்டன் பதவிக்குக் குறையாத ஒரு போலீஸ் அதிகாரியே காவலை 28 நாள் வரை நீட்டிக்கலாம், நீதிபதியோ மாஜிஸ்திரேட்டோ இடையில் வருவதில்லை. வழக்கறிஞரைச் சந்திப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம். 13ஆவது பிரிவு ஜாமீனைத் தடுக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர், பெண், நோயாளி ஆகியோருக்குச் சிறு விலக்கு உண்டென்றாலும், பயங்கரவாதக் குற்றச்சாட்டு என்றால் அந்த விலக்கும் கிடையாது. 2012இல் எழுதப்பட்ட 30ஆவது பிரிவோ, ஒருவர் குற்றமற்றவர் என்று உயர் நீதிமன்றம் விடுவித்த பிறகும், அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தால் எல்லா முறையீடுகளும் முடியும் வரை அவரை உள்ளேயே வைத்திருக்கச் சொல்கிறது. இந்தச் சட்டத்தில் நான் எவ்வகையிலும் ஏற்க முடியாத பிரிவு அதுதான்.

இந்தப் பிரிவுகள் ஒரு குடும்பத்தின்மேல் எப்படி இறங்குகின்றன என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். மகன் கைதான சேதி கேட்டு, கையில் இருந்த சங்கிலியையும் வளையலையும் அடகுக் கடையில் வைத்துப் பணத்தோடு நீதிமன்றத்துக்கு வந்திருந்தார் ஒரு தாய். ரசீதையும் பணத்தையும் ஒரே உறையில் போட்டு மடியில் வைத்திருந்தார். “தம்பி, ஜாமீனுக்கு எவ்வளவு கேப்பாங்க? இது பத்தலைன்னா தங்கச்சிகிட்ட கேட்டிருக்கேன்” என்றார். இந்த வழக்கில் ஜாமீன் என்ற பேச்சே எழாது, தொகை பற்றிய கேள்விக்கு இடமில்லை என்று விளக்கினேன். “அப்ப எப்ப வெளிய வருவான்?” என்பதற்கு எங்கள் வழக்கறிஞராலும் பதில் சொல்ல இயலவில்லை, வழக்கு முடியும்போது என்பது மட்டுமே உண்மையான பதில், அது எத்தனை ஆண்டு என்பது எவருக்கும் தெரியாது. அந்தப் பையன்மீது பயங்கரவாதக் குற்றச்சாட்டே இல்லை. குண்டர் கும்பலில் உறுப்பினர் என்பதே குற்றச்சாட்டு. குற்றவியல் சட்டத்தின் 130வி பிரிவும் சொஸ்மாவின் ‘பாதுகாப்புக் குற்றங்கள்’ பட்டியலில் இருப்பதால் இப்படி நடக்கிறது. நம் இளைஞர்கள் பலர் இந்தப் பிரிவின் கீழ்தான் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள் என்பதை நீதிமன்றத் தாழ்வாரத்தில் காத்திருக்கும் தாய்மார்களைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

அரசியலமைப்புக் கேள்வி நேரடியாக எழுந்தது 2019இல். அந்த ஆண்டு அக்டோபரில், விடுதலைப் புலிகளுக்கு ஆதரவளித்ததாகவும் அவர்கள் தொடர்பான பொருள்களை வைத்திருந்ததாகவும் 12 தமிழர்கள் கைது செய்யப்பட்டு, சொஸ்மா நடைமுறையின் கீழ் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். மலாக்காவின் காடேக் சட்டமன்ற உறுப்பினர் ஜி. சாமிநாதனும், சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் பி. குணசேகரனும் அவர்களுள் இருந்தார்கள். ஆயர் குரோவில் 2018 நவம்பரில் நடந்த ஒரு மாவீரர் நாள் நிகழ்ச்சியும், கைப்பேசியிலும் முகநூலிலும் இருந்த படங்களும் குற்றச்சாட்டுகளில் இடம்பெற்றன. புலிகள் இயக்கம் 2009 மே மாதத்தில் போர்க்களத்தில் முடிந்துபோனது. மலேசியா அதைப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது 2014இல்.

அந்த ஆண்டு நவம்பர் 29 அன்று, கோலாலம்பூர் உயர் நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் கஸாலி, 13ஆவது பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். எஸ்ஆர்சி ஊழல் வழக்கில் பின்னர் முன்னாள் பிரதமர் நஜிப்புக்குத் தண்டனை விதித்தவரும் இவரே. ஜாமீன் வழங்குவதா மறுப்பதா என்று ஒவ்வொரு வழக்கின் தன்மையையும் எடைபோட்டு முடிவு செய்வது நீதித்துறைக்கே உரிய அதிகாரம். அதை நாடாளுமன்றம் ஒட்டுமொத்தமாகப் பறித்துக்கொண்டால் அதிகாரப் பிரிவினை என்ற அடிப்படையே குலைகிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 1988இல் 121ஆவது விதியிலிருந்து நீதித்துறை அதிகாரம் பற்றிய சொற்கள் நீக்கப்பட்ட பிறகு, நாடாளுமன்றம் கொடுத்த அளவே நீதிமன்றத்தின் அதிகாரம் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அதை உடைத்தவை கூட்டரசு நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள்: 2017இல் செமினி ஜெயா நில வழக்கு, 2018 ஜனவரியில் எம். இந்திராகாந்தி வழக்கு. ஈப்போவைச் சேர்ந்த தாயான இந்திராகாந்தி தம் பிள்ளைகளின் ஒருதலைப்பட்சமான மதமாற்றத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கு, நீதித்துறை அதிகாரம் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது என்று நிலைநாட்டியதால், பயங்கரவாதச் சட்டம் பற்றிய வாதங்களுக்கும் வலு சேர்ந்தது. இந்தத் தொடர்ச்சியை நம் சமூகம் போதிய அளவு பேசியதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஆனாலும் அந்தத் தீர்ப்போடு கதவு திறந்துவிடவில்லை. ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியின் தீர்ப்பு இன்னொரு உயர் நீதிமன்ற நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. வேறு சில நீதிபதிகள் மாறுபட்ட கருத்தைக் கொண்டிருந்தார்கள், அந்த 12 பேரில் சிலரின் ஜாமீன் மனுக்கள் அதற்குப் பிறகும் தள்ளுபடியாயின. அவர்கள் வீடு திரும்பியது 2020 பிப்ரவரியில், அன்றைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ், 145ஆவது விதி தமக்கு அளிக்கும் அதிகாரத்தைக் கொண்டு வழக்கைக் கைவிட்ட பிறகுதான். தலைவர் ஒருவரின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பது ஒருவரைப் பயங்கரவாதியாக்கிவிடாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆயினும் ஏறத்தாழ நான்கு மாதச் சிறைக்குப் பின், ஒரே ஒரு பதவியில் இருந்தவரின் தனி முடிவால் அவர்கள் வெளிவந்தார்கள். அந்த நான்கு மாதங்களில் ஜாமீன் கேள்வியை எடைபோட ஒரு நீதிபதிக்கு உறுதியான அதிகாரம் இருந்திருந்தால், படங்களையும் முகநூல் பதிவுகளையும் முன்னால் வைத்து, இவை ஒருவரைப் பயங்கரவாதியாக்குமா என்று அன்றே அவர் கேட்டிருக்க முடியும்.

இனி, சாதாரணச் சட்டங்கள் போதாவா என்பது. பயங்கரவாதம் நம் நாட்டில் கற்பனை அன்று. 2000ஆம் ஆண்டு பேராக்கில் ராணுவ முகாம் ஆயுதங்களைக் கவர்ந்த அல்-மவுனா கும்பல், சௌக்கில் பிடித்து வைத்திருந்தவர்களில் இருவரைக் கொன்றது. அவர்களுள் ஒருவர் சகாதேவன் என்ற தமிழ்க் காவலர். 2016 ஜூனில் பூச்சோங்கில் ஓர் இரவு விடுதிமேல் கையெறி குண்டு வீசப்பட்டு எட்டுப் பேர் காயமடைந்தார்கள். 2024 மே மாதம் ஜொகூர் உலு திராம் காவல் நிலையத்தில் இரண்டு இளம் காவலர்கள் கொல்லப்பட்டார்கள். இவற்றைத் தடுக்கப் போலீசுக்கு அதிகாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அல்-மவுனா தலைவன் தண்டிக்கப்பட்டது, மாமன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தல் என்ற, குற்றவியல் சட்டத்தில் பழைய காலத்திலிருந்தே இருக்கும் 121ஆவது பிரிவின் கீழ். பயங்கரவாதக் குற்றங்களுக்கென்றே அதே சட்டத்தில் தனி அத்தியாயமும் இருக்கிறது. புலனாய்வுக்கு நாள் வேண்டுமென்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆவது பிரிவின்படி, கடும் குற்றங்களுக்கு மாஜிஸ்திரேட் 14 நாள் வரை தடுப்புக் காவல் அளிக்கலாம். அது போதாதென்றால் நாள்களைக் கூட்டுங்கள். கூட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு நீதிபதி கோப்பைப் பார்க்கட்டும். சாட்சிகளின் அடையாளத்தை மறைப்பதும், இடைமறித்த தொலைபேசி உரையாடல்களைச் சான்றாக ஏற்பதும் தேவைப்படலாம். அவற்றையும் நீதிபதியின் கண்காணிப்பில் செய்ய முடியும். பயங்கரவாதத்தைப் பல காலமாகக் கண்ட பிரிட்டனில், குற்றம் சாட்டுவதற்கு முந்தைய காவலின் உச்சவரம்பு 14 நாள். 48 மணி நேரத்துக்கு மேல் போனால் நீதித்துறையின் அனுமதி வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் இதில் பழகிய பாடம் ஒன்று உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில், இந்தியாவின் அன்றைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ் அமைந்த நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் இந்த வழக்குக்குத் தடா பொருந்தாது என்று கூறி, 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஆனால் தடாவின் கீழ் போலீஸ் அதிகாரியிடம் பெறப்பட்ட வாக்குமூலங்கள் மற்றவர்களுக்கு எதிரான சான்றாக நீடித்தன. சிறப்புச் சட்டம் பொருந்தாது என்று தள்ளப்பட்ட பிறகும் அது உருவாக்கிய சான்று வழக்கில் தங்கிவிட்டது. இங்கே சொஸ்மாவின் சான்று விதிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தீர்ப்புதான் நினைவுக்கு வருகிறது.

இந்தச் சட்டத்தில் ஒரு நல்ல வாசகம் இருக்கிறது, அதைப் பலர் அறியவில்லை. 28 நாள் காவலுக்கான உட்பிரிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்து, மக்களவையும் மேலவையும் தீர்மானம் நிறைவேற்றி நீட்டிக்காவிட்டால் அது தானாகவே காலாவதியாகிவிடும். 2022 மார்ச்சில் அந்தத் தீர்மானம் மக்களவையில் 84க்கு 86 என்ற கணக்கில் தோற்றது. பலர் அவைக்கே வரவில்லை. ஜூலையில் மீண்டும் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். அந்த நீட்டிப்பு 2027 ஜூலை வரைக்குமானது. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் 2022இல் இரண்டு முறையும் எப்படி வாக்களித்தார், அல்லது அவையில் இருந்தாரா என்பது மக்களவையின் அதிகாரபூர்வ அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. அதைத் தேடிப் படித்துவிட்டு, 28 நாளுக்குப் பதிலாக நீதிபதியின் ஆணையை ஏற்பாரா, 13ஆவது பிரிவில் ஜாமீன் அதிகாரத்தை நீதிமன்றத்திடம் திருப்பிக் கொடுக்க வாக்களிப்பாரா என்ற இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.