விட்டுவிட்டு வரும் உதிரப்போக்கு, பாதி நனையும் டாம்பன்

மாதவிடாயின் முதல் நாள் கொட்டுகிறது. மூன்றாம் நாள் காலை ஒன்றுமே இல்லை, மாலையில் மறுபடி வருகிறது. இது கோளாறா?

இல்லை. கருப்பையின் உட்சவ்வு ஒரே மூச்சில் உரிவதில்லை. பெரும்பகுதி முதல் இரண்டு நாளில் போய்விடும். மிச்சம் துண்டு துண்டாக வரும். படுத்திருக்கும்போது உதிரம் உள்ளேயே தேங்கும். காலையில் எழுந்து நின்றதும் குபுக்கென்று வருவது அதுதான். தேங்கி உறைந்தால் சிறு கட்டி, மெதுவாக இறங்கினால் பழுப்பு நிறம்.

ஒரு மாதவிடாயில் போகும் ரத்தம் சராசரியாக 30 முதல் 40 மி.லி.; மூன்று மேசைக்கரண்டிகூட வராது. சவ்வும் சளியும் கலந்து வருவதால்தான் அதிகமாகத் தெரிகிறது. 80 மி.லி.யைத் தாண்டினால் அதிகப்போக்கு. யாரும் அளந்து பார்க்கப்போவதில்லை என்பதால் அடையாளங்களைச் சொல்கிறோம்: மணிக்கொரு நாப்கின் எனச் சில மணி நேரம் தொடர்ந்து நனைவது, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள், 7 நாளுக்கு மேல் நீடிப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, தேவைப்பட்டால் ஸ்கேன் பார்ப்பார்கள்.

டாம்பன் (பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் பஞ்சுச் சுருள்) பாதி காய்ந்திருக்கும்போதே கசிகிறதே?

பெரும்பாலும் ஆழம் போதாததுதான் காரணம். பிறப்புறுப்பின் வாசலருகே நின்றுவிட்டால் உதிரம் அதன் பக்கவாட்டில் வழிந்துவிடும். பஞ்சின் ஒரு பக்கம் மட்டும் சிவந்திருக்கும். கையைக் கழுவிவிட்டு, குந்தியோ ஒரு காலை முக்காலியில் வைத்தோ நில்லுங்கள். நேர் மேலாகத் தள்ளாமல் இடுப்பின் பின்பக்கம் நோக்கிச் சாய்வாக, நடுவிரலின் இரண்டாம் கணு போகும்வரை தள்ளுங்கள். நூல் வெளியே தொங்க வேண்டும். உட்காரும்போது உறுத்தினால் இன்னும் உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

முழுதும் நனைந்து 4 மணி நேரத்துக்குள் கசிந்தால் அளவுதான் போதவில்லை. ரெகுலர் 6 முதல் 9 கிராம், சூப்பர் 9 முதல் 12 கிராம் உறிஞ்சும். முதல் நாளுக்கு ஒன்று, நான்காம் நாளுக்கு ஒன்று என இரண்டு அளவு வாங்கி வைப்பதே புத்திசாலித்தனம்.

கடைசி நாட்களில் எடுக்கும்போது எரிகிறது.

காய்ந்த பஞ்சு பிறப்புறுப்பின் உட்சுவரில் ஒட்டி உராய்கிறது. சொட்டுச்சொட்டாக வரும் நாளில் டாம்பன் வேண்டாம், மெல்லிய நாப்கின் போதும்.

இரவு முழுதும் வைக்கலாமா?

8 மணி நேரத்துக்குள் எடுத்துவிட முடியுமானால் வைக்கலாம். பத்து மணி நேரம் தூங்குபவர் நாப்கினுக்கு மாறுங்கள். நீண்ட நேரம் வைத்தால் சிலவகை ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகள் நச்சைச் சுரக்கக்கூடும். அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்து. திடீர்க் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, வெயிலில் கருகியது போன்ற தடிப்பு, தலைசுற்றல் வந்தால் டாம்பனை உடனே எடுத்துவிட்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள்; டாம்பன் வைத்திருந்ததையும் சொல்லுங்கள்.

டாம்பன் உள்ளே தொலைந்துபோகுமா? கன்னித்திரை கிழியுமா?

போகாது. கருப்பை வாயின் துளை அதற்கு வழிவிடாது. நூல் கைக்கு அகப்படாவிட்டால் குந்தி உட்கார்ந்து, முக்கிக்கொண்டே விரலால் துழாவுங்கள். வராவிட்டால் மருத்துவர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார். கன்னித்திரை என்பது வாசலை அடைத்த தோலல்ல, ஓரத்து மடிப்பு. அடைத்திருந்தால் உதிரமே வெளியே வராதே! சிலருக்கு டாம்பனால் அது கொஞ்சம் விரியலாம் அல்லது கிழியலாம். உடலுக்கு அதனால் கேடில்லை.

காப்பர்-டி (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) போட்டபின் போக்கு கூடிவிட்டது.

முதல் மூன்று முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருக்கும். டாம்பனும் வைக்கலாம்; எடுக்கும்போது வெளியே தொங்கும் பருத்தி நூலைத்தான் பிடித்திருக்கிறோமா என்று பார்த்து இழுங்கள். காப்பர்-டியின் நூல் மெல்லிய பிளாஸ்டிக் இழை, உள்ளேயே இருக்கும்.