துகள் டிடெக்டரை ஏன் இவ்வளவு மெலிதாகச் செய்கிறார்கள்? அதன் சென்சார்களை ரோபோ இல்லாமல் கையால் ஒட்டினால் என்ன?

ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் சில காலம் சிலிக்கான் சென்சார்களைச் சட்டத்தில் ஒட்டும் வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதத் துணிகிறேன்.

முதலில், எடை யாருக்கும் பொருட்டில்லை. துகள்களை மோதவிட்டு ஆராயும் செர்ன் ஆய்வகத்தில் உள்ள சிஎம்எஸ் டிடெக்டரின் எடையே 14,000 டன். தொல்லை தருவது, மோதல் நடக்கும் இடத்துக்கு அருகே துகளின் பாதையை மறித்து நிற்கும் பொருள்தான். எதை ஊடுருவிப் போனாலும் அங்குள்ள அணுக்கருக்கள் துகளைச் சிறிது சிறிதாகத் திசை திருப்பிவிடும். பிறகு அது எங்கே பிறந்தது என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. இதைக் கணக்கிடக் கதிர்வீச்சு நீளம் என்ற அளவு உண்டு; துகளைக் குறைவாகத் திருப்பும் பொருளுக்கு அது அதிகம். செம்புக்கு 1.4 செ.மீ., சிலிக்கானுக்கு 9.4 செ.மீ., பெரிலியத்துக்கு 35 செ.மீ. எண் கூடக் கூட நல்லது. செம்புக் கம்பியைக் கண்டாலே இந்தத் துறைக்காரர்கள் முகம் சுளிப்பது இதனால்தான். பல நேரங்களில் சென்சாரைவிட அதற்கான கம்பிகளும் குளிரூட்டும் குழாய்களும் தாங்கு சட்டமுமே அதிகம் மறிக்கின்றன.

செர்னின் இன்னொரு சோதனையான ஆலிஸுக்காக 2021இல் பொருத்திய கருவியின் உள் அடுக்குகளில் சென்சாரின் தடிமன் 50 மைக்ரான். அதைத் தாங்குவது கார்பன் இழையாலான கூண்டு. ஓர் அடுக்கின் மொத்தப் பொருளும் கதிர்வீச்சு நீளத்தில் சுமார் 0.35 சதவீதம்தான். அடுத்த பதிப்பில் சிலிக்கானையே உருளையாக வளைத்து, கார்பன் நுரையால் தாங்கி, காற்றாலேயே குளிர்விக்கப்போகிறார்கள். அந்தத் தடிமனில் சிலிக்கான் தாள்போல வளையும். நேரில் பார்க்கும்வரை நானும் நம்பவில்லை.

ரோபோ என்றதும் மனித உருவை நினைக்க வேண்டாம். ஒரு கனத்த மேசை, அதன்மேல் பாலம்போல நகரும் தலை, அதில் ஒரு கேமரா, வெற்றிடத்தால் உறிஞ்சிப் பிடிக்கும் முனை. சென்சாரின் மூலைகளில் உள்ள குறிகளைக் கேமரா கண்டுபிடித்ததும், கோணத்தைத் திருத்தி, சில மைக்ரான் பிழைக்குள் வைத்துவிடும். பழகிய கையும் நன்றாகவே ஒட்டும். ஆனால் சிஎம்எஸின் முதல் டிராக்கருக்கு, அதாவது துகளின் தடத்தைப் பதியும் பகுதிக்கு, சென்சார் ஒட்டிய தொகுதிகள் 15,000க்கும் மேல் தேவைப்பட்டன. அத்தனையும் ஒன்றுபோல இருக்க வேண்டும். கைக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேறு குணம்.

எங்களுக்குத் தலைவலி பசைதான். இரண்டு பாகங்களைக் கலந்த நிமிடத்திலிருந்து அது இறுகத் தொடங்கும். அதே அழுத்தத்தில் அரைமணி கழித்துப் பிழிந்தால் பசைக் கோடு மெலிந்துவிடும். வெப்பம் வெளியேற வழி குறையும். கூடினாலோ ஓரத்தில் வழிந்து, பின்னர் தலைமுடியைவிட மெல்லிய அலுமினியக் கம்பியை இணைக்க வேண்டிய இடத்தை மூடிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் கண்ணாடித் துண்டில் ஒரு கோடு விட்டு எடை பார்த்த பிறகே தொடங்குவோம். ஒருநாள் அவசரத்தில் நான் எடை பார்க்கவில்லை. நான்கு தொகுதிகள் வீணாயின. அளந்து பார்த்தோம்: ரோபோ நான்கையும் அப்பழுக்கில்லாமல் வைத்திருந்தது.