தோட்டக்காரருக்கும் உடற்பயிற்சி வேண்டுமா?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. விடிந்தால் வெங்காயத் தோட்டம், பொழுதுபட்டால் வீடு என்று இருப்பவர். உயரம் 165 சென்ரிமீற்றர், நிறை 62 கிலோ, பார்வைக்கு மெலிந்தவர்தான். ஆனால் கிளினிக்கில் இடுப்பை அளந்து, 94 சென்ரிமீற்றர் இருப்பதால் உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள். கனடாவிலிருந்து வந்த மகள் தந்த தராசு 29 வீதம் கொழுப்பு என்று காட்டுகிறது. நாள் முழுவதும் மண்ணில் நிற்பவனுக்கு இனி என்ன பயிற்சி என்கிறார் அவர்.
– வாசகி, உரும்பிராய்

பதில்: அவர் கேட்பது நியாயமே. உயரத்துக்கு ஏற்ற நிறையைக் கணக்கிட்டால் உடற்திணிவுச் சுட்டி 22.8 வருகிறது; ஆசியருக்கு 23 இலிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் கூறியதால், அவர் மயிரிழையில் எல்லைக்குள் நிற்கிறார். ஆனால் அந்தச் சுட்டி தசையையும் கொழுப்பையும் பிரித்தறியாது. அதே சுட்டியுள்ள ஐரோப்பியரைவிடத் தெற்காசியருக்குத் தசை குறைவாகவும் கொழுப்புக் கூடுதலாகவும், அதுவும் வயிற்றைச் சுற்றித் தேங்கியும் இருப்பதால்தான், ஐரோப்பிய ஆண்களுக்கு 94 ஆக உள்ள இடுப்புச் சுற்றளவின் எல்லை நம் ஆண்களுக்கு 90 ஆகக் கொள்ளப்படுகிறது; பெண்களுக்கு எல்லை 80.

தோட்ட வேலையும் முன்போல இல்லை. பாட்டன் காலத்தில் துலா மிதித்து, பட்டை பிடித்து இறைத்த செம்மண் தோட்டங்களில் இன்று பம்ப் இறைக்கிறது, லான்ட்மாஸ்டர் உழுகிறது, தோட்டத்துக்குப் போய்வரவும் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. மண்வெட்டியால் கொத்துவதும் மூட்டை சுமப்பதும் இன்றும் கடும் உழைப்புத்தான். ஆனால் அவை போகத்தோடு முடிந்துவிடுகின்றன. குந்தியிருந்து புல் பிடுங்குவது முதுகை நோகச் செய்யுமேயன்றி மூச்சு வாங்க வைப்பதில்லை.

மூச்சு வாங்கும் உழைப்பு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் இருக்க வேண்டும் என்றும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் 2020 இல் வெளியான உலக சுகாதார நிறுவன வழிகாட்டல் கூறுகிறது. தொழில் வழி உழைப்பும் இதில் சேரும் என்பதால், கொத்து நடக்கும் நாட்களில் அவர் மாலையில் தனியாக நடக்க வேண்டியதில்லை. வேலை குறைந்த மாதங்களில் தோட்டத்துக்குச் சைக்கிளில், பேச முடிந்தாலும் பாட முடியாத வேகத்தில் போய்வரட்டும். கையூன்றாமல் கதிரையிலிருந்து பலமுறை எழுந்து அமர்வது தொடைத் தசைக்குப் போதிய தொடக்கம். கூடவே சோற்றையும் புட்டையும் குறைத்துப் பயறு, மீன், முட்டை ஆகியவற்றைக் கூட்டுங்கள்; வேலைக்கிடையே குடிக்கும் சீனித் தேநீரையும் எண்ணிப் பாருங்கள், பல வீடுகளில் கணக்கில் வராமல் போவது அதுதான்.

மகள் தந்த தராசு, பாதங்களின் வழியே மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்திக் கொழுப்பை மதிப்பிடுகிறது. வியர்த்து நீர் வற்றிய உடலில் கொழுப்பைக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதால், தோட்டத்திலிருந்து வந்தவுடன் அதில் ஏறவேண்டாம். அதைவிட அளவு நாடாவே நம்பகமானது: நின்றபடி, இயல்பாக மூச்சு விட்டதும், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் மாதம் ஒருமுறை அளந்தால் போதும்.

இவற்றுக்கு முன்னர், அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் இரத்த அழுத்தத்தையும், வெறுவயிற்றில் குருதிச் சீனி, கொழுப்பு அளவுகளையும் பரிசோதித்துக் கொள்ளட்டும். கொத்தும்போது நெஞ்சு இறுகுவதாக எப்போதாவது சொல்லியிருந்தால், வைத்தியரைக் கண்ட பின்னரே பயிற்சி தொடங்க வேண்டும்.