கடலில் ஓடிய எஞ்சின் மலையில் ஏன் கொதிக்கிறது?

கேள்வி: ஐயா, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சுற்றுலா வருபவர்களை ஏற்றிப் போக ஒரு போட் வைத்திருக்கிறோம். உள்ளேயே பொருத்திய நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின், கடற்கரைப் பக்கம் பல வருடம் ஓடியதை வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. ஆள் ஏற்றி முழு வேகம் கொடுத்தால் கொஞ்ச நேரத்திலேயே முள் 95ஐத் தாண்டிவிடுகிறது, புகை போகும் வழியில் ஆவி வருகிறது, கூலன்ட் பொங்கி வழிகிறது. புது தெர்மோஸ்டாட் போட்டும் அதே கதைதான். அதைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்கிறார் மெக்கானிக். கழற்றலாமா? (நோர்வூட் வாசகர்)

பதில்: கழற்ற வேண்டாம். தெர்மோஸ்டாட் என்பது சூடு ஏறியதும் தானாகத் திறந்து கூலன்ட்டை ஆற அனுப்பும் வால்வு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான், கூலன்ட் ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்பும் பைபாஸ் வழி அடைபடும். அதை எடுத்துவிட்டால் சூடான கூலன்ட்டில் ஒரு பங்கு ஆறப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும், சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடவும் செய்யும். அதோடு, உங்கள் கடிதத்திலேயே அது குற்றவாளி இல்லை என்பதற்குச் சாட்சி இருக்கிறது. தெர்மோஸ்டாட் மூடியபடி இறுகியிருந்தால் மெதுவாகப் போகும்போதே முள் ஏறியிருக்கும். முழு வேகத்தில் மட்டும் ஏறுகிறது என்றால் எஞ்சின் உண்டாக்கும் சூட்டை வெளியே கொண்டுபோகத் தண்ணீர் போதவில்லை, அல்லது எஞ்சின் தன் சக்திக்கு மீறி இழுக்கிறது. உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் தண்ணீர் வரும் பாதையைப் பிடித்துக்கொண்டு போங்கள். நீர்த்தேக்கத்துத் தண்ணீர் அடிப்பக்க வால்வு வழியாக வந்து, வடிகட்டியில் வடிந்து, ரப்பர் இம்பெல்லர் (இதழ்கள் உள்ள சுழலி) பம்ப்பால் தள்ளப்பட்டு, ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய குழாய்களுக்குள் ஓடி, அங்கே கூலன்ட்டின் சூட்டை வாங்கிக்கொண்டு, கடைசியில் புகையோடு கலந்து வெளியேறுகிறது. புகையோடு ஆவி வருவது இந்தப் பாதையில் எங்கோ தண்ணீர் குறைகிறது என்பதற்கு நல்ல அடையாளம். வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் சேறும் பாசியும் இலையும் பொலித்தீன் துண்டும் வடிகட்டிக்கு வந்து சேரும், அதைத் தினமும் காலையில் திறந்து பாருங்கள். மூடும்போது மூடியின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள், ஏனென்றால் அங்கே சின்ன இடைவெளி இருந்தாலும் பம்ப் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். அப்புறம், எஞ்சின் வேகமாக ஓடும்போது பெல்ட்டில் கை படாமல் உறிஞ்சும் பக்கத்து ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். பழைய ஹோஸ் நின்றிருக்கும்போது நன்றாகத்தான் தெரியும், வேகம் கூடியதும் உள்வாங்கித் தட்டையாகிவிடும். இந்தக் கோளாறும் முழு வேகத்தில்தான் வெளியே வரும்.

அடிவால்வை மூடிவிட்டு இம்பெல்லரைக் கழற்றுங்கள். இதழ் ஒன்று உடைந்திருந்தால் புதிதைப் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள், உடைந்த துண்டுகள் எங்கே என்று தேடுங்கள். கிடைத்த துண்டுகளைப் பழைய இம்பெல்லரோடு பொருத்திப் பார்த்தால் எது குறைகிறது என்று தெரிந்துவிடும், குறைகிற துண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பம்ப்பின் மூடித் தகட்டையும் விரலால் தடவிப் பாருங்கள், சேற்றுத் தண்ணீர் அதில் வட்ட வட்டமாகப் பள்ளம் போட்டிருந்தால் புது இம்பெல்லர்கூடச் சரியாக இழுக்காது.

நான் மிகவும் சந்தேகப்படுவது ஹீட் எக்ஸ்சேஞ்சரைத்தான். பல வருடம் உப்புத் தண்ணீர் ஓடிய குழாய்களுக்குள் வெள்ளையாக ஒரு படிவு பிடித்திருக்கும், நல்ல தண்ணீருக்கு வந்ததும் அது தானாகக் கரைந்துவிடாது. மற்ற உலோகங்களை உப்பு அரிக்காமல் இருக்கத் தான் கரைந்துபோகும் நாக (சிங்க்) முளையிலிருந்து உதிர்ந்த துண்டுகளும் உள்ளே கிடக்கும். இரு பக்க மூடிகளையும் கழற்றி, டோர்ச் அடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனையைப் பாருங்கள். ஒவ்வொரு குழாயும் வட்டமாக வெளிச்சம் காட்ட வேண்டும். அடைத்திருந்தால் குழாயைவிடச் சற்று மெல்லிய மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளிச் சுத்தம் செய்யுங்கள், இரும்புக் கம்பி வேண்டாம், குழாய் கிழிந்துவிடும். அதற்கும் அசையாத படிவை இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுத்து அமிலத்தில் கழுவலாம், அலுமினியப் பாகங்களில் மட்டும் அமிலம் படக்கூடாது. புகையோடு தண்ணீர் சேரும் வளைவுக் குழாயையும் அப்போதே கழற்றிப் பார்த்துவிடுங்கள், கரியும் துருவும் சேர்ந்து அதன் உள்வழி பாதியாகச் சுருங்கியிருக்கும்.

இனி மலை விஷயம். காசல்ரீ கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகையில் இல்லை, சுமார் 96 பாகையிலேயே கொதித்துவிடும். கூலன்ட் பொங்காமல் இருப்பது, அதை அழுத்தத்தில் அடைத்து வைக்கும் அழுத்த மூடியின் தயவில்தான். 0.9 பார் மூடி நன்றாக இருந்தால் கொதிநிலை 20 பாகை அளவுக்கு ஏறும். அதன் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் கடற்கரையில் எப்படியோ சமாளித்த எஞ்சின் இங்கே பொங்கிவிடும். பெரிய செலவில்லாத சாமான், அதே அழுத்த எண் உள்ள புது மூடியை இந்த வாரமே போடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது மட்டும் அந்த மூடியில் கை வைக்கவே வேண்டாம், சீறி வரும் கூலன்ட் முகத்தையே வேகவைத்துவிடும்.

காற்றும் இங்கே லேசு. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் 300 மீற்றருக்கு ஏறக்குறைய 3 சதவீதம் சக்தி இழக்கும் என்பது பொதுவான கணக்கு, அதன்படி உங்களுடையது பத்தில் ஒரு பங்கை இழந்து நிற்கிறது, ஆனால் ப்ரொபெல்லர் கடலில் சுழன்ற அதே ப்ரொபெல்லர். பாரம் ஏற்றிய லொறியை மேட்டில் டொப் கியரிலேயே ஏற்றுவது போன்ற நிலை அது. போட்டின் அடியையும் ப்ரொபெல்லரையும் சுத்தம் செய்துவிட்டு, வழக்கமான ஆள் கணக்கோடு, முள்ளில் ஒரு கண் வைத்தபடி கொஞ்ச நேரம் மட்டும் முழு வேகம் கொடுத்து எத்தனை ஆர்பிஎம் வருகிறது என்று பாருங்கள். எஞ்சின் புத்தகத்தில் உள்ளதைவிட நூற்றுக்கணக்கில் குறைந்து, கறுப்புப் புகையும் தள்ளினால் ப்ரொபெல்லரின் பிட்ச்சை, அதாவது ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரத்தின் கணக்கை, குறைக்க வேண்டும். ஓர் அங்குலம் குறைத்தால் பெரும்பாலும் 150 முதல் 200 ஆர்பிஎம் வரை கூடும்.

இதெல்லாம் சரியாகும் வரை முழு வேகம் வேண்டாம், ஆட்களையும் குறைத்து ஏற்றுங்கள். நடுத் தண்ணீரில் எஞ்சின் நின்றால் பதறப்போவது குழந்தைகளோடு வந்தவர்கள்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டைச் சட்டியில் போட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பார்த்தேன். பாதிதான் திறந்தது. பழுதா? (நுவரெலியா வாசகர்)

பதில்: அவசரப்பட்டு எறியாதீர்கள். 82 என்று பொறித்த தெர்மோஸ்டாட் 82 பாகையில் திறக்கத் தொடங்கும், முழுதாகத் திறக்க மேலும் 10 முதல் 15 பாகை வேண்டும். நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் எவ்வளவு விறகு வைத்தாலும் சட்டி அதற்கு மேல் சூடாகாது. வெப்பமானியும் கையுமாக இருந்து, எந்தச் சூட்டில் திறக்கத் தொடங்குகிறது என்பதைப் பாருங்கள். 82ஐ ஒட்டித் தொடங்கினால் திரும்பப் பொருத்தலாம். மூடியபடியே இருந்தாலோ, ஆறிய பிறகும் வாய் பிளந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

கேள்வி: போட்டைக் கரையில் கட்டி எஞ்சினை நிறுத்திய பிறகு முள் மேலே ஏறுகிறது. பயமாக இருக்கிறது. (மஸ்கெலியா வாசகர்)

பதில்: எஞ்சின் நின்றதும் பம்ப்பும் நின்றுவிடும், இரும்பில் தேங்கிய சூடு அசையாத கூலன்ட்டுக்குள் இறங்கும், அதனால் சில பாகை ஏறுவது இயல்பு. கரைக்கு வந்ததும் ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைத்துப் பாருங்கள். அப்படியும் பொங்கினால் மேலே நோர்வூட்காரருக்குச் சொன்ன அழுத்த மூடியிலிருந்து தொடங்குங்கள்.