கொரியாவும் எட்டு ஓட்டும் – கடிதம்

அன்புள்ள சார்,

தென்கொரியா பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். அப்போதைய ஜனாதிபதி யூன் சுக் யோல் 2024 டிசம்பரில் ராணுவச் சட்டம் கொண்டுவந்தது தப்பு என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவரை அந்த நிலைக்குத் தள்ளியது யார்? அமைச்சர், அரசு வழக்கறிஞர், கமிஷன் தலைவர் என்று வரிசையாகப் பதவிநீக்கத் தீர்மானம், பட்ஜெட்டில் கைவைப்பு, ஒரு சட்டத்தையும் நகரவிடாத எதிர்க்கட்சி. ஜனாதிபதி என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு வேலை செய்யவே விடவில்லை என்றால் அந்த மனிதர் என்னதான் செய்வார்? நம் ஊரில் கவர்னர் மசோதாக்களைக் கிடப்பில் போட்டபோது எல்லாரும் கொதித்தோம். அங்கே நாடாளுமன்றம் முட்டுக்கட்டை போட்டால் மட்டும் அது ஜனநாயகமா?

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

கவர்னர் விஷயத்தை முதலில் ஓரமாக வைத்துவிடுகிறேன், அது இங்கே பொருந்தாது. கவர்னர் யாரிடமும் ஓட்டுக் கேட்டு வந்தவர் இல்லை, டெல்லி அனுப்பியவர். சட்டமன்றம் ஓட்டு வாங்கி வந்தது. அங்கே யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று சொல்வது சுலபம். கொரியாவில் ஜனாதிபதியும் ஓட்டு வாங்கி வந்தவர், அவரை எதிர்த்த நாடாளுமன்றமும் ஓட்டு வாங்கி வந்தது, ஆளுக்கொரு தேர்தலில். இரண்டு தரப்பும் ‘மக்கள் என் பக்கம்’ என்று சொல்லலாம், இரண்டுமே உண்மை.

2022 மார்ச்சில் யூன் ஜெயித்தது 0.73 சதவீத வித்தியாசத்தில். தோற்றவர் லீ ஜே மியுங். அப்போதே நாடாளுமன்றம் லீயின் ஜனநாயகக் கட்சி கையில்தான் இருந்தது, 2020 தேர்தலில் வந்த பெரும்பான்மை. 2024 ஏப்ரலில் மறுபடி தேர்தல் வந்தபோது வாக்காளர்கள் அதைச் சரிசெய்வார்கள் என்று யூன் கட்சி நம்பியது, அவர்கள் இன்னும் இறுக்கிவிட்டார்கள்: 300 இடத்தில் எதிர்க்கட்சிகளுக்கு 192, ஆளுங்கட்சிக்கு 108. ஜனாதிபதியின் வீட்டோவை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது எல்லாரும் வந்திருந்தால் 200 ஓட்டு வேண்டும். எட்டு ஓட்டு குறைவு. 192 பேரை வைத்து எந்தச் சட்டத்தையும் நிறைவேற்றலாம், 108 பேர் கட்டுக்கோப்பாக நின்றால் ஜனாதிபதி எதையும் தடுக்கலாம். சீட்டுக்கட்டைக் கலைத்து யாரோ வேண்டுமென்றே பிரித்துக் கொடுத்தது போல ஒரு கணக்கு.

‘ஒரு சட்டத்தையும் நகரவிடாத எதிர்க்கட்சி’ என்கிறீர்கள். நகரவிடாமல் நிறுத்தியதில் பெரும்பங்கு யூனுடையது. எதிர்க்கட்சி நிறைவேற்றி அனுப்பியவற்றில் 25 சட்டங்களை அவர் வீட்டோ செய்தார். 1987க்குப் பிறகு வந்த எந்த ஜனாதிபதியும் இந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. முதல் வீட்டோ 2023 ஏப்ரலில், உபரி நெல்லை அரசாங்கமே கட்டாயம் வாங்க வேண்டும் என்ற சட்டத்துக்கு. கொரியர்கள் சோறு சாப்பிடுவது வருஷா வருஷம் குறைந்துகொண்டே போகும்போது உபரியை எல்லாம் அரசு வாங்கிக் குவிப்பது என்ன கொள்கை என்று கேட்டார், அதில் நியாயம் இருந்தது என்றுதான் நானும் நினைக்கிறேன். வெள்ளத் தேடுதல் பணியில் ஒரு இளம் கடற்படை வீரர் இறந்த விவகாரத்தை, மேலிடம் தலையிட்டதா என்பதோடு சேர்த்து விசாரிக்கும் சட்டத்துக்கு வந்த வீட்டோவில் எனக்கு அந்த நியாயம் தெரியவில்லை. அப்புறம் மனைவி கிம் கியோன் ஹீ மீது தனி விசாரணை கோரிய சட்டம். பங்குச்சந்தை மோசடிப் புகார், டியோர் கைப்பை அன்பளிப்பு எல்லாம் நினைவிருக்கும். அதை மூன்று முறை வீட்டோ செய்தார். சொந்தக் குடும்பத்தின் மீதான விசாரணையைத் தடுக்க ஒருவர் தன் பதவியின் அதிகாரத்தைப் பயன்படுத்தும்போது ‘வேலை செய்ய விடவில்லை’ என்று அவருக்காக வருத்தப்பட எனக்கு வரவில்லை.

சரி, மறுபக்கம். பதவிநீக்கத் தீர்மானங்கள் பற்றி நீங்கள் சொல்வது பெருமளவு உண்மை, இதை மழுப்ப விரும்பவில்லை. கொரியாவில் ஒரு அமைச்சரையோ அரசு வழக்கறிஞரையோ பதவிநீக்கம் செய்ய நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும், ஜனாதிபதிக்கு மட்டும்தான் 200. தீர்மானம் நிறைவேறிய நிமிஷமே அந்த ஆள் வேலையிலிருந்து நிறுத்தப்படுவார், அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தீர்மானம் கடைசியில் தள்ளுபடி ஆனாலும் போன மாதங்கள் போனவைதான். இதேவோன் நெரிசல் சாவுகளுக்காக உள்துறை அமைச்சரை 2023 பிப்ரவரியில் நிறுத்தினார்கள், ஜூலையில் நீதிமன்றம் ஒருமனதாக அவரைத் திருப்பி அனுப்பியது. ஒளிபரப்புக் கமிஷன் தலைவர் லீ ஜின் சூக் 2024 ஜூலை 31 பதவியேற்றார், ஆகஸ்ட் 2 பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேறிவிட்டது. ரெண்டு நாளில் ஒருவர் என்ன அப்படிக் குற்றம் செய்துவிட முடியும்? (அந்த ரெண்டு நாளில் அவர் அரசு ஒளிபரப்பு நிறுவனங்களின் போர்டுக்கு அவசர அவசரமாக ஆள் நியமித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்னொருவர் கடிதம் போடுவார்.) ஜெயிக்காது என்று தெரிந்தே தீர்மானம் போட்டது, முடக்கி வைப்பதே நோக்கம் என்பதால்தான்.

பட்ஜெட் விஷயத்தில் கொஞ்சம் பெரிதுபடுத்துகிறீர்கள். அமெரிக்காவில் போல அரசு அலுவலகங்களை இழுத்து மூடும் நிலை அங்கே வரவில்லை. கொரிய நாடாளுமன்றம் பட்ஜெட்டில் வெட்டலாம், அரசு சம்மதிக்காமல் ஒரு வான்கூட (அந்த ஊர்க் காசு) கூட்ட முடியாது. எதிர்க்கட்சி வெட்டியது சுமார் 677 லட்சம் கோடி வான் பட்ஜெட்டில் 4.1 லட்சம் கோடி, ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் வெட்டிய இடம் வலிக்கும் இடம்: ஜனாதிபதி அலுவலகம், அரசு வழக்கறிஞர்கள், போலீஸ் ஆகியோரின் ரகசியச் செலவு நிதியைப் பூஜ்யமாக்கினார்கள். அதில் பழிவாங்கல் இருந்தது. ஆனால் அதற்காக ராணுவத்தைக் கூப்பிடலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இந்த மாதிரி இழுபறி கொரியாவுக்குப் புதிது இல்லை. 1988ல் ரோ டே வூ ஜனாதிபதியான இரண்டே மாதத்தில் அவர் கட்சிக்கு 299ல் 125 இடம்தான் கிடைத்தது. எதிர்க்கட்சிகள் கையில் இருந்த அந்த நாடாளுமன்றம்தான் 1980ல் ராணுவம் மக்களைக் கொன்ற குவாங்ஜு படுகொலை பற்றித் தொலைக்காட்சியில் நேரடி விசாரணை நடத்தியது, முன்னாள் சர்வாதிகாரி சுன் டூ ஹ்வான் மலைக்கோயில் ஒன்றில் போய் ஒதுங்க நேர்ந்தது. ரோவும் ஓர் முன்னாள் ஜெனரல்தான், ஆனால் டாங்கிகளை அனுப்பவில்லை. கடைசியில் 1990ல் இரண்டு எதிர்க்கட்சிகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சேர்த்துவிட்டார். வாக்காளர்கள் கொடுத்த முடிவை அறைக்குள் உட்கார்ந்து மாற்றியதை நான் பாராட்டவில்லை, ஆனால் அது பேரம், அரசியல். யூன் அந்தப் பேரத்துக்கே உட்காரவில்லை. எதிர்க்கட்சித் தலைவரை முதன்முதலில் தனியாகச் சந்தித்தது 2024 ஏப்ரல் 29ல், பதவியேற்று ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து. அந்த செப்டம்பரில் புதிய நாடாளுமன்றத் தொடக்க விழாவுக்கே போகவில்லை. 1987க்குப் பின் அப்படிப் போகாத முதல் ஜனாதிபதி அவர்.

ஏன் பேசவில்லை? கொள்கை வேறுபாடு என்றால் நெல்லுக்கு ஒரு விலை பேசி முடித்திருக்கலாம். இங்கே ஒரு பக்கம் மனைவி ஜெயிலுக்குப் போவாரா என்ற கேள்வி, மறுபக்கம் லீயே ஜெயிலுக்குப் போவாரா என்ற கேள்வி. லீ மீது பல வழக்குகள், 2024 நவம்பர் 15ல் தேர்தல் சட்ட வழக்கில் அவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட ஒரு வருஷ சிறைத்தண்டனை, அது மேல்முறையீட்டில் உறுதியானால் தேர்தலில் நிற்கவே முடியாது. இன்னொன்று, கொரிய ஜனாதிபதிக்கு ஐந்து வருஷம் ஒரே ஒரு முறைதான். மறுபடி ஓட்டுக் கேட்க வேண்டியதில்லை என்பதால் பிடிவாதத்துக்கு அவர் கொடுக்க வேண்டிய விலையும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால் லீயின் தண்டனைக்குப் பிறகு காலம் யூன் பக்கம்தான் இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவருடைய 108 கசிய ஆரம்பித்திருந்தது. அக்டோபர் 4ல் மனைவி மீதான சட்டத்துக்கு வந்த வீட்டோவை முறியடிக்க நடந்த மறுவாக்கெடுப்பில் எதிர்ப்பு ஓட்டு 104தான் விழுந்தது, அடுத்த மறுவாக்கெடுப்பு டிசம்பர் 10 என்று குறித்திருந்தார்கள். டிசம்பர் 3 இரவு அவர் தொலைக்காட்சியில் தோன்றி ராணுவச் சட்டத்தை அறிவித்ததற்கு இந்தத் தேதியும் ஒரு காரணம் என்பது என் ஊகம்தான், நிரூபிக்க முடியாது. அன்று வந்த ராணுவ ஆணையின் முதல் விதியே நாடாளுமன்றத்தின் எல்லாச் செயல்பாடுகளுக்கும் தடை. ஐந்தாவது விதி, ராஜினாமா செய்த பயிற்சி டாக்டர்கள் 48 மணி நேரத்துக்குள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பது. டாக்டர்களுக்கும் எதிர்க்கட்சியின் முட்டுக்கட்டைக்கும் என்ன சம்பந்தம்? அந்தச் சண்டை அவரே மருத்துவக் கல்லூரி இடங்களைத் தடாலடியாகக் கூட்டி இழுத்துவிட்டுக்கொண்டது.

அன்றிரவு நாடாளுமன்றத்துக்குள் எப்படியோ போய் 190க்குப் பூஜ்யம் என்று ராணுவச் சட்டத்தை ரத்து செய்யச் சொல்லி ஓட்டுப் போட்டவர்களில் 18 பேர் யூன் கட்சிக்காரர்கள். டிசம்பர் 7ல் மனைவி மீதான சட்டத்துக்கு 198 ஓட்டு. டிசம்பர் 14ல் அவரையே பதவிநீக்கம் செய்யும் தீர்மானத்துக்கு 204. எதிர்க்கட்சியால் ஏப்ரல் தேர்தலிலிருந்து பிடுங்க முடியாமல் இருந்த அந்த எட்டு ஓட்டை அவரே பதினொரு நாளில் கொடுத்துவிட்டார்.

2025 ஏப்ரல் 4ல் நீதிமன்றம் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அவரை நீக்கியபோது உங்கள் வாதத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். நாடாளுமன்றம் சிறுபான்மையை மதித்துப் பேச்சுவார்த்தைக்கு முயன்றிருக்க வேண்டும் என்று தீர்ப்பிலேயே சொன்னார்கள், அதே மூச்சில் அரசியல் சிக்கலை அரசியல் வழியில் தீர்க்க வேண்டும் என்றும் சொல்லி யூனை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இப்போது ஜனாதிபதி லீ, நாடாளுமன்றமும் அவர் கட்சி கையில். அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் 2028 ஏப்ரலில், லீயின் பதவிக்காலம் 2030 வரை. அந்தத் தேர்தலில் அவர் கட்சி தோற்றால் மிச்சமிருக்கும் இரண்டு வருஷம் எப்படிப் போகிறது என்று பார்ப்போம், அப்போது நீங்களும் நானும் பக்கம் மாறி நின்று சண்டை போட வேண்டியிருக்கலாம்.